மாசிடோனியர்கள் யார்? அலெக்சாண்டரை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு பதில்

கேள்வி இது: "வடக்கு மாசிடோனியாவில் இன்று வாழ்பவர்கள் அலெக்சாண்டரின் வழிவந்தவர்களா? கிரேக்கர்கள் அவர்களை வெறும் ஸ்லாவியர் என்கிறார்கள். பல்கேரியர்களோ, அவர்கள் பேசுவது பல்கேரிய மொழியின் வட்டார வழக்குதான் என்கிறார்கள். அப்படியானால் மாசிடோனியர் என்று ஒரு மக்கள் உண்டா, இல்லையா?"

உண்டு. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாசிடோனியர் என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு மொழி இருக்கிறது. இரண்டையும் மறுப்பது அநியாயம். ஆனால் அலெக்சாண்டரைக் காட்டி அவர்களை நிரூபிக்கவும் முடியாது, அவர்களை இல்லை என்று ஆக்கவும் முடியாது. இதைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்துவரும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பேச்சு எப்போதும் அந்த ஒரே அரசனின் குதிரைக் குளம்படியில் போய் முடிந்துவிடுகிறது. இந்த மக்களின் கதை அவன் இறந்து பல நூற்றாண்டுகள் கழித்துத் தொடங்குகிறது. அந்தக் கதை அவனுடைய படையெடுப்புகளைவிட எனக்கு நெருக்கமானது.

குழப்பத்தின் வேர் பெயரில் இருக்கிறது. பழைய மாசிடோனிய அரசின் தலைநகரங்களான ஐகாயும் பெல்லாவும் இன்றைய கிரீஸ் நாட்டுக்குள் இருக்கின்றன. ஐகாய் இருந்த வெர்கினாவில் 1977-இல் மனோலிஸ் அந்திரோனிகோஸ் அரச கல்லறைகளை அகழ்ந்தெடுத்தார். அங்கே கிடைத்த பொற்பேழையின் மூடியில் இருந்த பதினாறு கதிர்ச் சூரியன்தான் பின்னாளில் இரண்டு நாடுகளுக்கிடையே கொடிச் சண்டையை மூட்டியது. அந்த அரசு விட்டுச்சென்ற கல்வெட்டுகள் கிரேக்க மொழியில் உள்ளன. இன்றைய வடக்கு மாசிடோனியாவின் பெரும்பகுதி அக்காலத்தில் பையோனியர் என்ற வேறொரு மக்களின் நிலம். அலெக்சாண்டரின் தந்தை இரண்டாம் பிலிப் அவர்களை அடக்கித் தன் ஆதிக்கத்துக்குள் கொண்டுவந்தார். தெற்கு ஓரத்தில், இன்றைய பிட்டோலா நகருக்கு அருகே உள்ள ஹெராக்லியாவை நிறுவியவரும் அவரே. கி.மு. 168-இல் பிட்னா போரில் ரோமானியர் வென்றதோடு அந்த அரசு முடிந்தது.

அதன் பிறகு பெயர் இடம் பெயரத் தொடங்கியது. பைசாந்தியப் பேரரசு 'மாசிடோனியா' என்று பெயரிட்ட மாகாணம், இன்று துருக்கியில் இருக்கும் எதிர்னே நகரைச் சுற்றி, திரேஸ் பகுதியில் இருந்தது. அங்கிருந்து வந்த முதலாம் பசில் தொடங்கிய அரச மரபைத்தான் வரலாற்றில் 'மாசிடோனிய வம்சம்' என்கிறார்கள். ஒட்டோமான்கள் ஆண்டபோது அந்தப் பெயரில் நிர்வாகப் பிரிவே இல்லை. செலானிக், மனாஸ்திர், கொசோவோ என்ற மூன்று மாகாணங்களில் அந்த நிலம் பிரிந்து கிடந்தது. பழைய நூல்களைப் படித்த ஐரோப்பிய வரைபடக்காரர்கள்தான் அந்தப் பெயரைப் பரந்ததொரு நிலப்பரப்புக்கு மீண்டும் பரவலாகச் சூட்டினார்கள். வர்தார் ஆறும் ஓஹ்ரித், பிரெஸ்பா ஏரிகளும் தெசலோனிகித் துறைமுகமும் பிரின் மலையும் அதற்குள் அடங்கின. இன்றைய மாசிடோனியர்கள் தங்கள் பெயரை இந்த நிலத்திலிருந்து எடுத்தார்கள். வாழும் நிலத்தின் பெயரால் ஒரு மக்கள் அழைக்கப்படுவதில் திருட்டு எதுவும் இல்லை.

ஸ்லாவியர்கள் இங்கே வந்து குடியேறியது கி.பி. 6, 7-ஆம் நூற்றாண்டுகளில். அலெக்சாண்டர் இறந்தது கி.மு. 323-இல். இடையில் சுமார் 900 ஆண்டுகள். வந்தவர்கள் ஏற்கெனவே இருந்தவர்களோடு கலந்தார்கள் என்பதில் ஐயமில்லை. பால்கனில் தூய இரத்தம் என்று யாருக்கும் கிடையாது. ஆனால் மொழியிலோ நினைவிலோ பழைய அரசோடு அறுபடாத இழை என்று எதுவும் இல்லை. விடுதலை பெற்ற நாட்டின் முதல் அதிபர் கிரோ கிளிகோரோவ் இதை வெளிப்படையாகச் சொன்னவர்: நாங்கள் 6-ஆம் நூற்றாண்டில் வந்த ஸ்லாவியர்கள், பழைய மாசிடோனியரின் வாரிசுகள் அல்லர் என்பதே அவருடைய நிலை. பின்னால் வந்தவர்கள் அந்த நேர்மையைக் கைவிட்டது பெரிய இழப்பு.

ஏனென்றால், பெருமைப்பட இந்த மண்ணுக்கு வேறு ஒன்று இருந்தது: எழுத்து. 9-ஆம் நூற்றாண்டில் தெசலோனிகியில் பிறந்த கிரில், மெத்தோதி என்ற இரு சகோதரர்கள் ஸ்லாவிய மொழிக்கு முதல் எழுத்து முறையான கிளாகோலித்தை உருவாக்கினார்கள். 863-இல் மொராவியாவுக்குச் சென்றபோது அவர்கள் கொண்டுபோன மொழிபெயர்ப்புகளின் மொழி, தெசலோனிகியைச் சுற்றியிருந்த ஸ்லாவியக் கிராமங்களின் பேச்சை அடிப்படையாகக் கொண்டது. மொராவியாவில் அந்தப் பணி முறியடிக்கப்பட்டபோது, சீடர்களான கிளிமென்த்தும் நாவுமும் பல்கேரிய அரசன் போரிஸிடம் அடைக்கலம் புகுந்தார்கள். 886-இல் கிளிமென்த் மேற்கே ஓஹ்ரித் பகுதிக்கு அனுப்பப்பட்டார். அவரிடம் ஆயிரக்கணக்கானோர் எழுத்தும் மறையும் பயின்றதாக அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. ஓஹ்ரித் ஏரியின் தென்கரையில் நாவும் நிறுவிய மடாலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. பிற்காலத்தில் இரஷ்யர், செர்பியர், பல்கேரியர் எல்லோருடைய எழுத்து மரபிலும் இந்த ஏரிக்கரையின் பங்கு உண்டு.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்கால ஆவணங்களில் இந்த மக்கள் ஸ்லாவியர் என்றோ பல்கேரியர் என்றோதான் குறிக்கப்படுகிறார்கள். பிரெஸ்பாவிலும் ஓஹ்ரித்திலும் இருந்து ஆண்ட சாமுவேலின் அரசை அவருடைய சமகாலத்தவர் பல்கேரியா என்றே அழைத்தார்கள். 1014-இல் பெலாசித்சா மலையடிவாரத்தில் அவருடைய படையை முறியடித்த பேரரசர் இரண்டாம் பசிலுக்கு 'பல்கேரியரைக் கொன்றவர்' என்ற பட்டம் நிலைத்தது. அந்தப் பசில் மேலே சொன்ன 'மாசிடோனிய வம்சத்தவர்' என்பதைக் கவனியுங்கள். மாசிடோனிய மண்ணில் ஆண்ட பல்கேரிய அரசனை, திரேஸிலிருந்து வந்த மாசிடோனிய வம்சத்துக் கிரேக்கப் பேரரசன் வென்றான்! இந்தப் பெயர்களை இன்றைய பாஸ்போர்ட்டுகளைப் போல வாசித்தால் எதுவும் விளங்காது.

ஒட்டோமான் ஆட்சி ஐந்து நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது. இன்றைய தலைநகரான ஸ்கோப்யே அவர்கள் கைக்குப் போனது 1392-இல், மீண்டது 1912-இல். அந்த அரசு மக்களைப் பேசும் மொழியால் பிரிக்கவில்லை, மதத்தால் பிரித்தது. ஆர்தடாக்ஸ் கிறிஸ்தவர் அனைவரும், வீட்டில் எந்த மொழி பேசினாலும், கான்ஸ்டான்டினோபிள் முதுபெரும் தந்தையின் கீழ் ஒரே சமூகம். ஓஹ்ரித்தின் பழைய பேராயர் பீடமும் 1767-இல் கலைக்கப்பட்டு அவரோடு இணைக்கப்பட்டது. கிராமத்தானிடம் நீ யார் என்று கேட்டால் "கிறிஸ்தவன்" என்பான், அல்லது தன் ஊர்ப் பெயரைச் சொல்வான். பேசும் மொழி என்ன என்றால் "நாஷ்", அதாவது 'நம்மது' என்பான். வட கிரீஸின் கிராமங்களில் முதியவர்கள் இன்றும் தங்கள் மொழிக்குச் சொல்லும் பெயர் இதுதான். யாருடையது என்று சொல்வதற்கே அஞ்ச வேண்டியிருந்த மொழிக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

1870-இல் சுல்தான் பல்கேரியர்களுக்குத் தனித் திருச்சபை அமைக்க ஆணையிட்டார். ஓர் ஊரில் மூன்றில் இரண்டு பங்கினர் விரும்பினால் அதில் சேரலாம் என்பது விதி. அந்த ஒரு விதி ஒவ்வொரு கிராமத்தையும் போர்க்களமாக்கியது. பல்கேரியப் பள்ளி, கிரேக்கப் பள்ளி, செர்பியப் பள்ளி என்று மூன்றும் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. மகனை எந்தப் பள்ளிக்கு அனுப்பினார்களோ அந்த இனத்தானாக அவன் எண்ணப்பட்டான். ஒரே வீட்டுச் சகோதரர்கள் வெவ்வேறு இனங்களைச் சேர்ந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொண்டதை அங்கே சென்ற பயணிகள் வியப்போடு பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்த இழுபறிக்குள்தான் நான்காவது பதில் ஒன்று முளைத்தது: நாங்கள் இந்த மூவரும் அல்லர். கொத்தனாராக வேலை செய்த கியோர்கியா புலெவ்ஸ்கி 1875-இல் பெல்கிரேடில் வெளியிட்ட மும்மொழி அகராதியில் மாசிடோனியர் தனி மக்கள் என்று எழுதினார். 1903-இல் க்ர்ஸ்தே மிசிர்கோவ் பல்கேரியத் தலைநகர் சோபியாவில் அச்சிட்ட நூலில் இதையே தர்க்கத்தோடு நிறுவி, பிரிலெப், பிட்டோலா வட்டார மையப் பேச்சை எழுத்து மொழியாக்க வேண்டும் என்றார். அந்த நூலின் பெரும்பாலான பிரதிகளைப் போலீஸார் அழித்துவிட்டார்கள். மிசிர்கோவ் பிறந்தது போஸ்தோல் கிராமத்தில். அது பழைய பெல்லாவின் இடிபாடுகளுக்குப் பக்கத்து ஊர். அலெக்சாண்டர் பிறந்த இடத்தில் பிறந்தவர், தன் மக்களின் உரிமைக்கு அலெக்சாண்டரை நம்பி வாதாடவில்லை. வீட்டில் பேசும் மொழியை நம்பி வாதாடினார். பின்னாளில் அவரே தடுமாறி, தன்னைப் பல்கேரியர் என்றும் எழுதினார் என்பதை மறைக்கத் தேவையில்லை. அந்தத் தலைமுறையில் தடுமாறாதவர் அரிது.

அந்தத் தடுமாற்றத்தை முழுமையாக உணர்த்துவது கோத்சே தெல்செவின் வாழ்க்கை. 1872-இல் குகுஷ் நகரில் பிறந்தார். இன்று அது கிரீஸில் கில்கிஸ் என்ற பெயரில் இருக்கிறது. ஷ்திப் நகரில் பல்கேரியத் திருச்சபைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். 1893-இல் தெசலோனிகியில் தொடங்கப்பட்ட இரகசியப் புரட்சி இயக்கத்தின் ஆன்மாவாக விளங்கினார். 1903 மே மாதம் பனித்சா கிராமத்தில் ஒட்டோமான் படையினரால் கொல்லப்பட்டார். அவருடைய கடிதங்களில் தன் மக்களைப் பல்கேரியர் என்கிறார். ஆனால் அவர் கேட்டது மாசிடோனியாவுக்குத் தன்னாட்சி. பல்கேரியாவோடு அதை இணைக்கத் துடித்த சோபியா அரசியல்வாதிகளை அவர் நம்பவில்லை. 1946-இல் அவருடைய எலும்புகள் சோபியாவிலிருந்து ஸ்கோப்யேவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஸ்வேதி ஸ்பாஸ் தேவாலய முற்றத்தில் வைக்கப்பட்டன. இரண்டு நாடுகளிலும் அவர் பெயரில் ஒவ்வொரு நகரம் உண்டு. அவர் யாருடையவர் என்று இரு நாட்டு வரலாற்றாசிரியர்களின் கூட்டுக்குழு பல ஆண்டுகளாக வாதிடுகிறது. என் கருத்து இது: தெல்செவ் தன்னைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டும். அவர் எதற்காக உயிரைக் கொடுத்தாரோ அதிலிருந்து ஒரு மக்கள் பிறந்தார்கள் என்பதையும் ஏற்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஏற்பவர்கள் இரு தலைநகரங்களிலும் குறைவு.

அவர் இறந்து மூன்று மாதத்தில், 1903 ஆகஸ்ட் 2-ஆம் நாள், எலியா தீர்க்கதரிசியின் திருநாளில் கிளர்ச்சி வெடித்தது. அந்தத் திருநாளின் பெயரே 'இலிந்தென்'. குருஷெவோ என்ற மலைநகரைக் கிளர்ச்சியாளர் பிடித்து, ஆசிரியர் நிகோலா கரேவின் தலைமையில் ஒரு குடியரசை அறிவித்தார்கள். அது பத்து நாள் வாழ்ந்தது. அந்த ஊரில், ருமேனிய மொழிக்கு உறவான மொழி பேசும் விளாக்கியர் பெரும்பான்மை. நகரைக் காக்கப் போரிட்டு மடிந்த பிது குலியும் விளாக்கியரே. சுல்தானின் படைகள் நகரைச் சூறையாடின. சுற்று வட்டாரக் கிராமங்கள் பல எரிக்கப்பட்டன. மாசிடோனியரின் உள்ளத்தில் இந்தப் பத்து நாளுக்கு இருக்கும் இடம் எந்தப் பழைய பேரரசுக்கும் இல்லை.

பிறகு பிரிவினை. 1912-இல் கிரீஸ், செர்பியா, பல்கேரியா சேர்ந்து ஒட்டோமான்களை விரட்டின. 1913-இல் தங்களுக்குள் அடித்துக்கொண்டன. அந்த ஆண்டு ஆகஸ்ட் 10-இல் புக்கரெஸ்ட் உடன்படிக்கையில் நிலம் மூன்று துண்டானது: ஏறக்குறைய பாதி கிரீஸுக்கு, ஐந்தில் இரண்டு பங்கு செர்பியாவுக்கு, பத்தில் ஒரு பங்கு பல்கேரியாவுக்கு. தெல்செவின் குகுஷ் நகரம் அந்தப் போரில் எரிந்து சாம்பலானது. அங்கு வாழ்ந்தவர்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

அதன் பின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு விதி. செர்பியர் ஆட்சியில் அந்தப் பகுதி 'தென் செர்பியா' ஆனது. குடும்பப் பெயரின் வாலைப் பார்த்தே ஆட்சியைச் சொல்லிவிடலாம். செர்பியர் காலத்தில் ஸ்தோயானோவிச், இரண்டாம் உலகப்போரில் பல்கேரியர் வந்து ஆண்டபோது ஸ்தோயானோவ், 1945-க்குப் பிறகு ஸ்தோயானோவ்ஸ்கி என்று தாத்தா, அப்பா, பேரன் மூவருக்கும் மூன்று பெயர். கிரீஸில் நிலைமை இன்னும் கடுமை. லெரின் என்ற ஊர் ஃபுளோரினா ஆனது, வோதென் என்பது எதெஸ்ஸா ஆனது; நூற்றுக்கணக்கான கிராமங்களின் பெயர்கள் 1920-களில் மாற்றப்பட்டன. துருக்கியிலிருந்து விரட்டப்பட்டு வந்த இலட்சக்கணக்கான கிரேக்க அகதிகள் அங்கே குடியேற்றப்பட்டார்கள். 1936-இல் வந்த மெத்தாக்சாஸ் சர்வாதிகாரம் ஸ்லாவியப் பேச்சையே தடை செய்தது. வீட்டில் தாய்மொழி பேசியதற்கு அபராதமும் சிறையும் கிடைத்தன.

கிரேக்க உள்நாட்டுப் போரின் கதைதான் என்னை அதிகம் உலுக்குகிறது. 1948-இல் குண்டுவீச்சுக்கு நடுவே வடக்குக் கிராமங்களிலிருந்து சுமார் 28,000 குழந்தைகள் எல்லை தாண்டி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் மாசிடோனிய மொழி பேசும் குடும்பங்களின் பிள்ளைகள். யூகோஸ்லாவியா, ருமேனியா, செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி, போலந்து என்று சிதறி வளர்ந்தார்கள். 1982-இல் கிரீஸ் அரசு போர்க்கால அகதிகள் திரும்பலாம் என்று ஆணை பிறப்பித்தபோது அதில் ஒரு நிபந்தனை இருந்தது: திரும்புபவர் கிரேக்க இனத்தவராக இருக்க வேண்டும். பிறந்த ஊரைப் பார்க்கவும் வழியில்லாமல் எத்தனையோ பேர் முதுமையடைந்தார்கள். "மாசிடோனியர் என்பது யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ கண்டுபிடித்த இனம்" என்று எளிதாகச் சொல்பவர்கள் இந்தக் குழந்தைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். இல்லாத மொழி ஒன்றை எந்த அரசும் அபராதம் போட்டுத் தடுப்பதில்லை.

செர்பியாவிடம் இருந்த பகுதியைத் தன் குடியரசுகளில் ஒன்றாக்கிய டிட்டோவின் யூகோஸ்லாவியா செய்தது என்னவென்றால், ஏற்கெனவே இருந்ததற்கு அரசும் அச்சுக்கூடமும் கொடுத்தது. தன் அரசியல் நலனுக்காகவே கொடுத்தது. அதையும் மறுக்க வேண்டாம். 1944 ஆகஸ்ட் 2-ஆம் நாள், இலிந்தென் நாளையே தேர்ந்தெடுத்து, புரோஹோர் ப்சின்ஸ்கி மடாலயத்தில் கூடிய விடுதலைப் பேரவை மாசிடோனியத்தை ஆட்சிமொழியாக அறிவித்தது. 1945-இல் எழுத்துகள் முடிவாயின. பிரிலெப் அருகே நெப்ரெகோவோவில் பிறந்த பிளாஜே கோனெஸ்கி இலக்கணம் எழுதினார். ஆனால் கோச்சோ ராசின் புகையிலைத் தொழிலாளரின் துயரத்தை அந்த மொழியில் கவிதைகளாக்கி வெளியிட்டது 1939-இல், அரசு எதுவும் பின்னால் இல்லாதபோது.

மொழியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. பல்கேரிய மொழிக்கும் இதற்கும் நெருக்கம் மிக அதிகம். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பெரும்பாலும் புரியும். இரண்டிலும் வேற்றுமை உருபுகள் தேய்ந்துவிட்டன, இரண்டிலும் சுட்டு பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டும். எழுத்து மாசிடோனியத்தின் தனித்தன்மை, அந்தச் சுட்டு மூன்று வகைப்படுவது. 'க்னிகா' என்றால் புத்தகம். 'க்னிகாதா' என்பது பொதுவான சுட்டு, 'க்னிகாவா' அருகில் இருப்பது, 'க்னிகானா' தொலைவில் இருப்பது. இது, உது, அது என்று மூன்றாகச் சுட்டிப் பழகிய ஈழத்து வாசகர்களுக்கு இதன் அழகு உடனே புரியும். மொழியா வழக்கா என்ற கேள்விக்கு இலக்கணத்தில் விடை கிடையாது. பள்ளி, நாளிதழ், கவிதை, நீதிமன்றம் எல்லாம் நடக்கும் ஒரு மொழியை வழக்கு என்று அழைப்பது அரசியல்.

1991 செப்டம்பர் 8-இல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. யூகோஸ்லாவியாவிலிருந்து போரின்றிப் பிரிந்த நாடு அது. உடனே பெயர்ச் சண்டை. தங்கள் வடமாகாணத்தின் பெயரும் வரலாறும் பறிபோகின்றன என்று கிரேக்கர்கள் அஞ்சினார்கள். இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர்களும் தங்களை மாசிடோனியர் என்று சொல்லிக்கொள்பவர்கள் என்பதால் அந்த அச்சத்தை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் பொருளாதாரத் தடையால் ஓர் ஏழை நாட்டின் கழுத்தை நெரித்தது தவறு. 1993-இல் ஐ.நா.வில் 'முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு' என்ற தற்காலிகப் பெயரோடு சேர்ந்தார்கள். 1995-இல் வெர்கினா சூரியனைக் கொடியிலிருந்து நீக்கினார்கள். 2008-இல் நேட்டோ வாசலில் கிரீஸ் தடுத்தது. அந்த அவமானத்துக்குப் பதிலாக ஸ்கோப்யே அரசு செய்தது மிகப் பெரிய பிழை: நகர மையத்தில் 2011-இல் குதிரைமேல் அலெக்சாண்டரின் மாபெரும் சிலையை நிறுத்தி, சுற்றிலும் போலிப் பழங்காலக் கட்டடங்களை எழுப்பியது. 1963 ஜூலை 26-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிலநடுக்கத்தின் நேரமான 5.17-இல் நின்றுபோன கடிகாரம் பழைய இரயில் நிலையச் சுவரில் இருக்கிறது. அந்த நகரத்தின் உண்மையான நினைவுச் சின்னம் அதுதான்.

2018 ஜூன் 17-இல் பிரெஸ்பா ஏரிக்கரையில் கையெழுத்தான உடன்படிக்கை நாட்டை 'வடக்கு மாசிடோனியா' ஆக்கியது. மொழியின் பெயர் 'மாசிடோனியம்' என்பதைக் கிரீஸ் ஏற்றது. அது தென் ஸ்லாவிய மொழி, பழைய கிரேக்க நாகரிகத்தோடு தொடர்பற்றது என்பதை ஸ்கோப்யே ஏற்றது. அந்தப் பெயர்ச்சொல் இருவருக்கும் இரு வேறு வரலாறுகளைக் குறிக்கிறது என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். 2020 மார்ச்சில் நேட்டோவில் இடம் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்கான பேச்சுவார்த்தையைப் பல்கேரியா தடுத்தது. இம்முறை மொழியையும் வரலாற்றையும் முன்வைத்து. 1992-இல் இந்த நாட்டை முதலில் அங்கீகரித்ததும் பல்கேரியாதான், ஆனால் மக்களையும் மொழியையும் அது ஏற்கவில்லை. அதன் சொந்த 1956 கணக்கெடுப்பில் 1,87,789 பேர் மாசிடோனியராகப் பதிவானார்கள். 1965-இல் அந்த எண்ணிக்கை பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கியது. மக்கள் அப்படி மறைவதில்லை, பதிவேடுதான் மாறுகிறது. இரண்டாம் உலகப்போரின்போது பல்கேரியர் ஆண்ட மாசிடோனியாவிலிருந்து 1943 மார்ச்சில் 7,144 யூதர்கள் திரெப்ளின்கா கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டதை எந்தச் சொற்களில் எழுதுவது என்பதும் இன்னும் தீராத வழக்கு.

இனி, அங்கு செல்பவர் ஒருவரை எப்படி அழைப்பது என்பதற்கும் விடை சொல்லிவிடுகிறேன். 2021 கணக்கெடுப்பின்படி அங்கே குடியிருப்போர் 18,36,713 பேர். அவர்களில் 58 விழுக்காட்டினர் மாசிடோனியர், 24 விழுக்காட்டினர் அல்பேனியர். மற்றவர்கள் துருக்கியர், ரோமா, செர்பியர், போஸ்னியர், விளாக்கியர். அல்பேனியர்களின் உரிமைகள் 2001-இல் சண்டைக்குப் பிறகு ஓஹ்ரித் உடன்படிக்கையில் உறுதியாயின. கல்கத்தாவின் அன்னை தெரசாவும் 1910-இல் ஸ்கோப்யேவில் ஓர் அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தவரே. ஆகவே தெதோவோ நகரில் சந்திப்பவரை மாசிடோனியர் என்று எண்ணிப் பேசாதீர்கள். அவர் பெரும்பாலும் அல்பேனியராக இருப்பார். பிரிலெப்பிலோ பிட்டோலாவிலோ சந்திப்பவரை 'வடக்கு மாசிடோனியர்' என்றும் அழைக்காதீர்கள். அந்தச் சொல் உடன்படிக்கையிலேயே இல்லை. 'வடக்கு' என்பது நாட்டுக்கு மட்டும். அவர் தன்னை 'மாக்கெதோனெத்ஸ்' என்பார், பெண்ணானால் 'மாக்கெதோன்கா'. நீங்களும் மாசிடோனியர் என்றே அழையுங்கள்.